ஆய்வேடும் நூலும்: அத்தியாய ஒழுங்கு பற்றி ஒரு குறிப்பு

நம்மவரின் ஆய்வு நூல்கள் கணிசமாக வெளிவருகின்றன. மகிழ்ச்சிக்குரிய விடயம்தான். ஆனால் அவற்றுட் பல, பரீட்சகருக்கென எழுதிய ஆய்வேட்டுக்குப் புது அட்டை போட்டு அச்சிட்டவையாகவே உள்ளன. அச்சகத்துக்குப் போகுமுன் நடப்பது ஒப்புநோக்கல் மட்டுமே. லகர ளகரம் திருத்துகிறோம். அடிக்குறிப்பு இலக்கங்களைச் சரிபார்க்கிறோம். நூலின் மையக் கருத்து யாது, எந்த அத்தியாயம் முன்னே வரவேண்டும், எது வேண்டாதது என்று கேட்பாரில்லை. இக்கேள்விகளைக் கேட்பதே கட்டமைப்புச் செவ்விதாக்கம்.

இவ்விடயத்தில் நானும் குற்றவாளியே. என்னிடம் படித்த ஒருவர் எங்கள் பகுதி நாட்டார் கவிகள் பற்றிய தமது ஆய்வேட்டை நூலாக்குமுன் என்னிடம் தந்தார். இரு வாரங்கள் சிவப்புப் பேனையால் எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்தேன். முதல் அறுபது பக்கங்களும் நாட்டாரியல் பற்றிய வரைவிலக்கணங்கள். அடுத்து, பிரதேசத்தின் அமைவிடம், சனத்தொகை. மூதாட்டிகளிடம் அவரே நேரிற் சென்று திரட்டிய கவிகளும், ஒரே கவி ஊருக்கு ஊர் மாறுவதை அவர் கண்டுகொண்ட விதமும் ஐந்தாம் அத்தியாயத்தில் இருந்தன. நூலின் உயிர் அங்குதான். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி பெற்றவரும் சரி, நயவுரை நிகழ்த்தியவரும் சரி, அந்த அத்தியாயத்தைத் தொடவில்லை. கவி சொன்னவர்களிற் சிலர் இன்று மௌத்தாகிவிட்டனர். அவர்களின் சொற்கள் அச்சிலிருந்தும் வாசிக்கப்படாமற் கிடக்கின்றன.

இப்னு கல்தூன் 1377இல் ஐந்து மாதங்களில் 'முகத்திமா'வை எழுதி, பின்னர் திருத்திச் செப்பனிட்டார். அதன் ஆறு அத்தியாயங்களின் ஒழுங்குக்கு அவரே காரணம் கூறுகிறார். நாடோடி வாழ்வு முந்தியது. ஆகவே நகரத்துக்கு முன் அது வருகிறது. பிழைப்பு அத்தியாவசியமானது, கல்வி அதற்கு மேலதிகமானது. ஆகவே தொழில்கள் முன்னும் கல்வித் துறைகள் பின்னும் வருகின்றன. அங்கே ஒழுங்கே வாதத்தின் ஒரு பகுதி.

பல்கலைக்கழகம் கேட்கும் அமைப்பு அதுதானே என்பர். உண்மை. முன்னைய ஆய்வுகளையெல்லாம் கற்றிருக்கிறேன் எனப் பரீட்சகருக்கு நிரூபிக்க வேண்டும். வாசகர் அந்த நிரூபணத்தைக் கேட்பதில்லை. தேவையானது தேவைப்படும் இடத்தில் வந்தாற் போதும். அதேவேளை, செவ்விதாக்குபவர் ஆசிரியரின் முடிவுகளை மாற்றிவிடவும் கூடாது. இடம் மாற்றலாம், சுருக்கலாம், விளக்கம் கேட்கலாம். கருத்து ஆசிரியருடையதே.

இதற்கு எளிய வழியொன்றுண்டு. ஒவ்வோர் அத்தியாயமும் சொல்வதை ஒரே வாக்கியமாகத் தனித்தனித் துண்டுகளில் எழுதுங்கள். மேசையில் வரிசையாக வைத்து வாசியுங்கள். ஒரு துண்டு அடுத்ததற்கு வழிவிடாவிட்டால் இடத்தை மாற்றுங்கள்; இரண்டு துண்டுகள் ஒன்றையே சொன்னால் ஒன்றாக்குங்கள்; வாக்கியமே எழுத வராவிட்டால் அந்த அத்தியாயம் நூலுக்குத் தேவைதானா என்று யோசியுங்கள். பணச் செலவில்லாத வேலை. மனந்தான் சற்று நோகும்.

அந்த மாணவரின் நூலை அண்மையில் இவ்வாறே வாசித்துப் பார்த்தேன். இரண்டாம் பதிப்பு வருமாயின் ஐந்தாம் அத்தியாயம் முதலாவதாக வரவேண்டுமென அவரிடம் சொல்லியிருக்கிறேன். முதற் பதிப்பின்போதே சொல்லியிருக்க வேண்டியது.