திருத்தணிப் படிகளில் மூச்சு வாங்குவது யார் குற்றம்?

திருத்தணி முருகன் கோயிலுக்குப் படிகள் 365. ஆண்டின் நாளுக்கு ஒன்றாக எண்ணி ஏறுகிறார்கள். பாதி வழியில் இடுப்பில் கை ஊன்றி நிற்பவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். ‘மலை மேல காத்து கம்மி.’ ‘நுரையீரல்ல தெம்பு இல்லை.’ ‘வயசாயிடுச்சு.’ இரத்தத்தைக் குறை சொல்பவர் அபூர்வம். நான் இந்தப் பதில்களைத் தனித்தனியாக எடை போட விரும்புகிறேன். காரணத்தைத் தவறாகச் சொல்லிக்கொள்வதால் வைத்தியமும் தவறிப்போகிறது என்பதே என் கவலை.

மலைக்காற்றை முதலில் விடுவித்துவிடலாம். படிக்கு அரை அடி உயரம் என்று வைத்துக் கணக்கிட்டால், 365 படிகளும் சேர்ந்து ஏறக்குறைய 55 மீட்டர். தாராளமாக 100 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குக் காற்றழுத்தம் நூற்றில் ஒன்றேகால் பங்குதான் குறையும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அடிவாரத்திலும் உச்சியிலும் அதே 21 சதவீதம். 3,500 மீட்டர் உயரத்திலிருக்கும் லே நகரத்தில் இறங்குகிறவர் காற்றைக் குறை சொல்லலாம். அங்கே அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். திருத்தணியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது நுரையீரல். இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். மூச்சு இரைப்பது நெஞ்சில் தெரிவதால் குறையும் நெஞ்சில்தான் என்று முடிவுகட்டிவிடுகிறோம். மூச்சை விரட்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல. இரத்தத்தில் கரியமில வாயு இம்மியளவு கூடினாலும் மூளை மூச்சை முடுக்கிவிடும் என்று உடலியங்கியலாளர்கள் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-லேயே காட்டிவிட்டார்கள். உழைக்கும் தசைகளிலிருந்து வரும் நரம்புச் செய்திகளும், தசை வெளியேற்றும் அமிலமும் அதோடு சேர்கின்றன. ஆகவே மூச்சு வாங்குவது ஒரு புகார் மனு; புகார் எந்த உறுப்பின் மேல் என்று அதில் எழுதியிருப்பதில்லை.

நுரையீரலின் கையிருப்பைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறு லிட்டர் காற்றை இழுத்து விடுகிறோம். தேவை வந்தால் அதை 100 லிட்டருக்கு மேல் கொண்டுபோக ஆரோக்கியமான நுரையீரலால் முடியும். பதினைந்து மடங்குக்கும் மேல். இன்னொரு சான்று இதைவிட அழகானது. ஒரு சிவப்பணு நுரையீரலின் தந்துகிக்குள் முக்கால் விநாடி தங்குகிறது. ஆக்சிஜனை நிரப்பிக்கொள்ள அதற்குக் கால் விநாடியே போதும். இரத்த ஓட்டம் மும்மடங்கு வேகமெடுத்தாலும் நிரப்பிக்கொண்டுதான் வெளியே வரும். படியேறிக்கொண்டே ‘அரோகரா’ என்று தொண்டை கிழியக் கூவுகிற காவடிக் கூட்டத்துக்கு இது பாடமாகத் தெரியாவிட்டாலும் அனுபவமாகத் தெரியும்.

ஒரு விலக்கைச் சொல்லியே ஆகவேண்டும். ஆஸ்துமாக்காரர், பல ஆண்டு பீடி குடித்தவர், விறகடுப்புப் புகையில் வாழ்நாளைக் கழித்த தாய்மார்கள், பஞ்சுத் தூசியில் வேலை செய்தவர்கள் ஆகியோரின் நுரையீரலுக்கு இந்த விடுதலை செல்லாது. திருத்தணியைச் சுற்றிப் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று தறி ஓடும் ஊர்கள் இருக்கின்றன. அங்கிருந்து வருபவர் மூச்சு வாங்கி நின்றால், என்ன தொழில் செய்கிறீர்கள் என்று மருத்துவர் முதலில் கேட்கட்டும்.

இதயத்தின் கதை வேறு. ஓய்வில் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் இரத்தம் தள்ளும் இதயம், பயிற்சியில்லாத ஒருவருக்கு உச்சத்தில் இருபது லிட்டர் தள்ளும். நான்கே மடங்கு. பதினைந்து மடங்கு விரியக்கூடிய நுரையீரலும் நான்கு மடங்கே விரியக்கூடிய இதயமும் ஒரே தொடரில் இருந்தால், எது முதலில் முட்டும் என்பதில் சந்தேகமில்லை. தசைதான் தடை என்று வாதிட்டவர்களுக்கு 1985-இல் ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் சால்டினும் பதில் தந்தார்கள். ஒரு காலின் தொடைத் தசையை மட்டும் உழைக்கவைத்தபோது, முழு உடலும் உழைக்கையில் அந்தத் தசைக்குக் கிடைப்பதைவிட மிக அதிகமான இரத்தத்தை அது வாங்கிக்கொண்டது. தசைக்கு வாங்கும் வலு இருக்கிறது. எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் கேட்டால் கொடுக்க இதயத்தால்தான் முடியவில்லை.

‘வயசாயிடுச்சு’ என்பதற்கும் இங்கேயே பதில் கிடைக்கிறது. 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடல் உச்சமாகப் பயன்படுத்தும் ஆக்சிஜன் கால் பங்குக்கு மேல் சரிந்தது. நுரையீரல் ஏறத்தாழ அப்படியே இருந்தது. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் இரத்தமே குறைந்துபோனது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரை அளந்தபோது, முப்பது ஆண்டு மூப்பு செய்த சேதம் அந்த மூன்று வாரப் படுக்கை செய்ததைவிடக் குறைவாக இருந்தது. வயது ஒரு காரணம்தான். ஆனால் அறுபது வயதுக்காரர் வயதின் மேல் போடும் பழியில் கணிசமான பங்கு நாற்காலிக்குச் சேரவேண்டியது.

இத்தோடு நிறுத்தினால் இதயமே குற்றவாளி என்று முடித்துவிடலாம். உடலியங்கியல் நூல்கள் பல அப்படித்தான் முடிக்கின்றன. பீட்டர் வாக்னர் போன்ற உடலியங்கியலாளர்கள் இதை ஏற்பதில்லை. காற்றிலிருந்து தசைவரை ஆக்சிஜன் ஒவ்வொரு கட்டமாகக் கைமாறிப் போகிறது, எந்தக் கட்டம் தளர்ந்தாலும் மொத்தமும் தளரும், எனவே ஒற்றைக் குற்றவாளியைத் தேடுவதே பிழை என்பது அவர்கள் வாதம். இந்த வாதம் வலுவானது என்றே நினைக்கிறேன். அதை ஏற்றால் அடுத்த கேள்வி தானாக வருகிறது: நம் ஊர் மக்களிடம் எந்தக் கட்டம் தளர்ந்திருக்கிறது?

பதிலை ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 2019–21, தருகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல்.

இதைப் படிக்கட்டுக் கணக்காக மாற்றிப் பார்க்கலாம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் அளவு 12 (100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 12 கிராம்) இருக்கும் பெண்ணின் ஒரு லிட்டர் இரத்தத்தில், ஹீமோகுளோபின் 98 சதவீதம் நிரம்பியிருந்தால், சுமார் 158 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கும். அளவு 8 என்றால் 105. ஐம்பது கிலோ எடையுள்ள பெண் 55 மீட்டர் உயரத்தைப் பத்து நிமிடத்தில் ஏற, நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வேண்டும். இரத்தம் கொண்டுவருவதில் எழுபது சதவீதத்தை உடல் எடுத்துக்கொள்வதாக வைத்தால், முதல் பெண்ணின் இதயம் நிமிடத்துக்கு ஏழு லிட்டர் சொச்சம் தள்ளினால் போதும். இரண்டாமவரின் இதயம் பதினோரு லிட்டர் தள்ளவேண்டும். பயிற்சியில்லாத, சின்ன உடம்புக்காரரின் உச்சமே பதினைந்து லிட்டர் அளவில் இருக்கும். கணக்கு தோராயமானதுதான், ஆனால் அவர் நூறாவது படியில் ஏன் உட்கார்கிறார் என்பதை அது சொல்லிவிடுகிறது. அவர் நுரையீரலில் குறையில்லை. இதயம் தன் பங்குக்கு மேலாகவே உழைக்கிறது. அது தள்ளும் இரத்தத்தில்தான் சரக்கு இல்லை.

இந்தக் குறை கண்ணுக்குத் தப்புவதற்கு ஒரு கருவியும் காரணம். 2021 மே 10 இரவு, இங்கிருந்து அதிக தூரமில்லாத திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்து, அரசு சொன்ன கணக்குப்படியே 11 பேர் இறந்தார்கள். அந்தக் கொரோனா மாதங்களில் ஆக்சிஜன் என்றால் சிலிண்டர் என்றும், அது போதுமா என்று சொல்வது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் என்றும் நம் எல்லோர் மனத்திலும் பதிந்தது. ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி 1974-இல் உருவாக்கிய அந்த நுட்பம் எத்தனையோ உயிர்களைக் காத்தது; அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அது காட்டுவது சதவீதம். இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்று சொல்லுமே தவிர, எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்று சொல்லாது. ஹீமோகுளோபின் 12 உள்ளவருக்கு 88 காட்டினால் ஆம்புலன்ஸ் வரும். அவர் இரத்தத்தில் லிட்டருக்கு 141 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. ஹீமோகுளோபின் 8 உள்ளவருக்கு 98 காட்டினால் ‘ஒண்ணும் இல்லம்மா, நார்மல்’ என்று அனுப்பிவைப்பார்கள்; அவரிடம் இருப்பது 105. கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிட உயர்த்திக் காட்டும் என்பதும் தெரிந்ததே. 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கருவி தவறவிட்ட ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் நிறத்தவர் அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

எதிர்த்தரப்பையும் கேட்கவேண்டும். 88 என்பது நுரையீரலில் இப்போது நடக்கும் கேட்டின் அடையாளம். அடுத்த மணி நேரத்தில் அது 70 ஆகலாம். மெல்ல வந்த இரத்தசோகைக்கு உடல் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. இதயம் வேகம் கூட்டுகிறது. ஹீமோகுளோபின் திசுக்களில் ஆக்சிஜனை எளிதாகக் கைவிடும்படி சிவப்பணுவுக்குள் வேதிமாற்றம் நடக்கிறது. ஆகவே ஆம்புலன்ஸ் முதலாமவருக்குப் போவது சரிதான். நான் மறுப்பது இரண்டாமவரிடம் சொல்லப்படும் ‘நார்மல்’ என்ற சொல்லை. உடல் அப்படிச் சமாளிப்பதற்கு அவர் விலை கொடுக்கிறார். உட்கார்ந்திருக்கும்போதே கையிருப்பைச் செலவழித்துவிட்டு, படிக்கட்டுக்கு வெறுங்கையோடு வருகிறார்.

பள்ளிக்கூடத்துக்கும் இதில் பங்கு உண்டு. பதினோராம் வகுப்பு விலங்கியலில் சுவாசம் ஓர் இயல், இரத்த ஓட்டம் அடுத்த இயல். இரண்டையும் பெருக்கிப் பார்க்கும் கணக்கு, அதாவது ஒரு லிட்டரில் எவ்வளவு ஆக்சிஜன், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது, இரு இயல்களுக்கு நடுவே விழுந்துவிடுகிறது. முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையும் தன் தாய் ஏன் மூச்சு வாங்குகிறாள் என்று கேட்டால் நுரையீரலைத்தான் காட்டும்.

என் முடிவு இது. திருத்தணிப் படியில் மலைக்காற்றுக்குப் பங்கில்லை. நோயில்லாத நுரையீரலுக்கு இல்லையென்றே சொல்லலாம். உடல்நலம் உள்ளவருக்கு எல்லை கட்டுவது இதயம். நடந்து பழகினால் அந்த எல்லை தள்ளிப்போகும். படியேறும் பெண்களில் பெரும்பகுதியினருக்கு, அந்த எல்லையைக் கீழே இழுத்து வைத்திருப்பது இரத்தம். வேகத்தைக் குறைத்தால் இந்தச் சுமையைச் சமாளிக்கலாம் என்பதும் உண்மை. வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த படித்திருவிழாவில், டிசம்பர் 31 அன்று படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுகிறார்கள். பாடும் நேரத்தில் இதயம் கடனைத் தீர்த்துக்கொள்கிறது. அந்த வேகத்தில் ஏறினால் எத்தனையோ பலவீனர்களும் உச்சிக்குப் போய்விடுவார்கள். ஆனால் மெதுவாக ஏறுவது குறையை மறைக்குமே தவிரத் தீர்க்காது. நெஞ்சில் அழுத்தம், கையில் பரவும் வலி, மயக்கம் இவற்றோடு மூச்சு முட்டினால் அது அவசர வழக்கு. இந்தக் கட்டுரையின் எந்தக் கணக்கும் அங்கே செல்லாது.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்கு மருத்துவ முகாம் போடுகிறவர்கள் விரலில் மாட்டும் கருவியோடு, விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் பார்க்கும் கருவியையும் வைக்கவேண்டும் என்பேன். ஹீமோகுளோபின் 8 உள்ள பெண்ணுக்கு முகமூடி வைத்துக் கலப்பில்லாத ஆக்சிஜனே கொடுத்தாலும், ஒரு லிட்டர் இரத்தத்தில் கூடுதலாகச் சேர்வது ஏறத்தாழ இருபது மில்லிலிட்டர்; முகமூடியைக் கழற்றியதும் அது போய்விடும். குறை இரும்புச்சத்தில்தான் என்று உறுதியானால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் சத்து மாத்திரையை ஒன்றிரண்டு மாதம் விடாமல் சாப்பிட்டு ஹீமோகுளோபினை எட்டிலிருந்து பத்துக்குக் கொண்டுவரலாம். அப்போது லிட்டருக்குச் சேர்வது 26 மில்லிலிட்டர். அது அடுத்த ஆடிக்கும் அவரோடு இருக்கும்.