‘800-க்குக் கீழே பயமில்லை’: பிலிமோடு பறப்பவர்களுக்கான அறிவுரை பற்றி

வெளிநாட்டுக் கல்யாணத்தை பிலிம்ல எடுக்கப் போறவங்களுக்கு இணையத்துல கிடைக்கிற அறிவுரைகளை வரிசையா வைத்துப் படித்தால், மூணு வரி திரும்பத் திரும்ப வரும். ஒண்ணு, கோடக் போர்ட்ரா 400 வாங்கிக்கோங்க. ரெண்டு, ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே இருந்தா விமான நிலைய எக்ஸ்ரே ஒண்ணும் பண்ணாது. மூணு, பயமா இருந்தா ஈயப்பை வாங்கிக்கோங்க. மூணையும் தனித்தனியாப் பார்த்தா நியாயமாத்தான் தெரியும். சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்றையொன்று வெட்டுகின்றன. என் புகார் அதுதான்.

முதல்ல போர்ட்ரா. 2010-ல் பழைய 400என்சி, 400விசி இரண்டுக்கும் பதிலாக வந்த பிலிம் இது. பகல் வெளிச்சத்தில் தோல் நிறத்தை இவ்வளவு பதமாகக் காட்டுகிற கலர் நெகட்டிவ் குறைவு. அதில் சண்டையில்லை. ஆனா கல்யாணம் பகல்ல மட்டும் நடக்கிறதில்லை. சென்னையிலிருந்து இத்தாலிக்கு ஒரு கல்யாணம் எடுக்கப் போறீங்கன்னு வைங்க. மங்கலான தேவாலயத்துக்குள்ளே 400 பிலிமுக்கு எஃப் 2-ல 1/60 நொடி கிடைச்சாலே பெரிசு. ராத்திரி விருந்து அதைவிட ரெண்டு ஸ்டாப் இருட்டுன்னா 1/15 நொடி. ஆடுகிற ஜோடி அதில் இழுபட்டுத்தான் விழும்.

‘நெகட்டிவ் எதையும் தாங்கும்’ என்பார்கள். பாதிதான் உண்மை. வெளிச்சம் ரெண்டு ஸ்டாப் அதிகமானா தாங்கும். குறைந்தால் நிழல் பகுதியில் எதுவுமே பதியாது, பதியாததை ஸ்கேனில் மீட்க வழியில்லை. ஆகவே ராத்திரிக்கு ஃப்ளாஷ் வேணும், இல்லேன்னா போர்ட்ரா 800, இல்ஃபோர்ட் டெல்டா 3200 மாதிரி வேகமான பிலிம் வேணும். இரண்டாவது அறிவுரை பாதுகாப்பு தராத பிலிம்கள் சரியாக இவைதான்! கல்யாணத்தோட கஷ்டமான பாதிக்குத் தேவையான பிலிமை விட்டுவிட்டு, சுலபமான பாதிக்கு மட்டும் உத்தரவாதம் தருகிறது அந்த வரி.

அந்த 800 என்கிற எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது? கைப்பைகளைச் சோதிக்கிற பழைய எக்ஸ்ரே மெஷின்களை வைத்துச் சொன்னது. இப்போ பல விமான நிலையங்களில் அந்த இடத்தில் சிடி ஸ்கேனர் வந்துவிட்டது. பையைச் சுற்றிச் சுற்றிப் பல கோணங்களில் படம் எடுப்பதால் பிலிம் வாங்கிக்கொள்கிற கதிர்வீச்சும் கூடுதல். இதில் ஒரு தடவை போனாலே பிலிம் கெடலாம் என்று கோடக்கே எச்சரிக்கிறது. செக்-இன் பெட்டி பற்றிப் பேசவே வேண்டாம், அங்கே சிடி பல வருஷமா இருக்கு.

பிலிம் என்பதே ஒரு கதிர்வீச்சு உணரி என்பதை நாம் மறந்துபோகிறோம். 1945-ல் கோடக்கின் எக்ஸ்ரே பிலிம்களில் காரணம் தெரியாமல் புள்ளிகள் விழுந்தன. ஜூலியன் வெப் என்கிற கோடக் விஞ்ஞானி தேடிப் போனபோது, பிலிமைப் பொதிந்திருந்த வைக்கோல் அட்டை மாட்டியது. நியூ மெக்ஸிகோவில் வெடித்த முதல் அணுகுண்டின் துகள்கள், ஆயிரம் மைலுக்கும் அப்பால் இந்தியானாவில் அட்டை செய்த ஆலை வரைக்கும் வந்திருந்தன. இப்படிப்பட்ட பொருளிடம் போய் ‘800-க்குக் கீழே பயமில்லை’ என்று ஆம்/இல்லை கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு ஸ்கேனும் முந்தையதோடு கூடிக்கொண்டே போகும். சென்னை–துபாய்–ரோம் போய்த் திரும்பினால் குறைந்தது நாலு சோதனை.

‘என் பிலிமுக்கு ஒண்ணும் ஆகலையே’ என்று சாட்சி சொல்பவர்களையும் அப்படியே நம்ப முடியவில்லை. எக்ஸ்ரே ஏற்படுத்துகிற புகைமூட்டம் முதலில் அடிப்பது நிழல் பகுதியை. வெயிலில் எடுத்த படத்தில் அது கண்ணுக்கே தெரியாது. கறுப்பு கோட்டு, கருங்கூந்தல், மெழுகுவர்த்தி விருந்து என்றால்தான் மணல்மணலாகத் தெரியும். சரி, ஒப்பிட என்ன வைத்திருந்தார்கள்? அதே பேட்ச்ல ஒரு ரோலை வீட்டு ஃப்ரிட்ஜில் விட்டுவிட்டு, திரும்பி வந்ததும் இரண்டையும் சேர்த்துக் கழுவிப் பார்த்திருந்தால் அது சோதனை. இல்லாதவரைக்கும் அபிப்பிராயம்தான்.

ஈயப்பை? திரையில் கறுப்புக் கட்டியாகத் தெரியும். அதிகாரி பையைத் திறப்பார், அல்லது இன்னொரு முறை ஸ்கேனில் விடுவார். பிலிமை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளே தெரிகிற ஜிப் கவரில் போட்டு, வரிசையில் நிற்கும்போதே கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்பது அதைவிடப் பலன் தரும். அமெரிக்காவில் அப்படிக் கேட்க விதியிலேயே இடமிருக்கிறது. மற்ற பல இடங்களில் அது அந்த நேரத்து அதிகாரியின் மனசைப் பொறுத்தது.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. போகும்போது பையில் இருப்பது வெறும் பிலிம், கெட்டால் அதன் விலைதான் போகும். வரும்போது இருப்பது கல்யாணம். 500 படம் என்றால் 36 படம் விழுகிற ரோல் 14. அந்தப் பதினாலுக்கும் மாற்று கிடையாது. எந்த அறிவுரையும் இந்த இரண்டு பயணத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துப் பார்த்தால் வழி தானாகத் தெரியும்: முடிந்தால் பிலிமை அங்கேயே வாங்கணும், முக்கியமா அங்கேயே ஒரு லேபில் கழுவிட்டுத்தான் கிளம்பணும். கழுவின நெகட்டிவை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது. கூரியரில் அனுப்பினால் தப்பிக்கலாம் என்பதும் சரியில்லை, பார்சலையும் ஸ்கேன் பண்ணுவாங்க. லேபுக்கு நேரமில்லை என்றால், சடங்கின் முக்கியமான கட்டங்களை டிஜிட்டலிலும் எடுத்து வைப்பதுதான் பணம் கொடுத்தவர்களுக்குச் செய்கிற மரியாதை.

பிலிம்ல எடுக்காதீங்கன்னு நான் சொல்ல வரலை. அனுபவத்தை எழுதுறவங்க நாலே நாலு விவரம் சேர்த்து எழுதினா போதும்: எந்த ஐஎஸ்ஓ, எத்தனை ஸ்கேன், எந்த வகை மெஷின், ஒப்பிட வீட்டில் ரோல் இருந்ததா. அது இருந்தால் அடுத்துப் போகிறவர் தனக்கான கணக்கைத் தானே போட்டுக்கொள்வார்.