மூணாவது கியருக்கு முன்னால் ஒரு ‘பொட்’

இரண்டாவது கியரில் ஆர்பிஎம் முள் ஆறாயிரத்தைத் தொடுகிறது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலை நண்பர் ஒரே விரலால் சுண்டுகிறார். ‘பொட்!’ மூணாவது விழுந்தாச்சு. சீட்டில் அழுந்திய முதுகு இம்மியும் விலகவில்லை. வண்டி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பின்பக்கமிருந்து வந்த அந்த ஒற்றைச் சத்தம்தான் கியர் மாறியதற்குச் சாட்சி. அடுத்து நாலாவது. மறுபடி ‘பொட்!’ நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன்.

வண்டி, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245. இடம், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். 2020இல் இந்தியாவுக்கென்று வெறும் 200 வண்டிகளை முழுசாக இறக்குமதி செய்து, சுமார் 36 லட்சம் ரூபாய் விலை வைத்தார்கள். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 245 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். பின்கதவைத் தூக்கினால் கல்யாண வீட்டுச் சாமானையே அடைக்கலாம் போல ஒரு டிக்கி. பார்த்தால் ஆபீஸ் போகிற செடான்தான். அதன் வாலிலிருந்து இப்படியொரு குறும்பு வரும் என்று யாருக்குத் தோன்றும்? பிட்டில் நின்றிருந்த நண்பரின் அப்பா, நாங்கள் இறங்கியதும் கவலையோடு கேட்டார்: “ஏம்ப்பா, சைலன்ஸர்ல ஓட்டை விழுந்திருக்கும் போல. போகும்போதே மெக்கானிக்கிட்ட காட்டிடு.”

ஓட்டை இல்லைங்கய்யா, அது அவசரம்!

டிஎஸ்ஜியில் இரண்டு கிளட்ச். ஒன்றின் கையில் ஒற்றைப்படை கியர்கள், இன்னொன்றின் கையில் இரட்டைப்படை கியர்கள். இரண்டாவதில் பறக்கும்போதே மூணாவது உள்ளே மாட்டித் தயாராக இருக்கும். ஒரு கிளட்ச் விட, இன்னொன்று பிடிக்க, வேலை முடிந்தது. ஒரே சிக்கல், எஞ்சின். ஆறாயிரத்தில் சுற்றிக்கொண்டிருப்பது, மூணாவதுக்குப் பொருந்த நாலாயிரம் சொச்சத்துக்கு இறங்கியாக வேண்டும். அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில்.

த்ராட்டிலை மூடலாமே என்றால், மூடலாம். ஆனால் இன்டேக்கில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் காற்று தீர நேரம் பிடிக்கும். டர்போவின் அழுத்தமும் இறங்கிவிடும். அது மறுபடி ஏறும்வரை வண்டி சோம்பும். அதனால் எஞ்சினின் கம்ப்யூட்டர் காற்றில் அதிகம் கை வைப்பதில்லை. ஸ்பார்க்கில் கை வைக்கிறது. டைமிங்கைத் தடாலெனப் பின்னுக்குத் தள்ளுகிறது, அல்லது சில ஸ்பார்க்குகளை அப்படியே விழுங்கிவிடுகிறது. தாமதமாகப் பற்றிய நெருப்பு பிஸ்டனை முழு பலத்தோடு தள்ளுவதற்குள் பிஸ்டன் பாதி வழி இறங்கிவிடும். எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வும் திறந்துவிடும். பிஸ்டனைத் தள்ளியிருக்க வேண்டிய அழுத்தம் மொத்தமும் குழாய்க்குள் பாய்கிறது. ஸ்பார்க் கிடைக்காத சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோல் வந்தால், அது கொதிக்கும் குழாயில் பற்றிக்கொள்கிறது. அதுதான் ‘பொட்’.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறாயிரம் ஆர்பிஎம்மில் நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு விநாடிக்கு 200 ஸ்பார்க். மாற்றத்துக்குப் பத்தில் ஒரு பங்கு விநாடி என்று வைத்தால்கூட, இந்தக் கூத்து முழுவதும் சுமார் 20 ஸ்பார்க்குக்குள் முடிந்துவிடுகிறது. என் காதுக்குக் கேட்டதோ ஒரே ஒரு சத்தம்!

வெளியே நின்று கேட்பது தனி சுகம். வண்டிக்குள் அது முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டல். பிட் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றால் உறுமல் ஏறி வரும், ஒரு வெட்டு, ‘பொட்’, உடனே ஒரு படி தாழ்ந்த சுதியில் உறுமல் மறுபடி ஆரம்பிக்கும். அந்த வெட்டு இருக்கிறதே, அதற்கே டிக்கெட் வாங்கலாம்.

வளைவுக்கு முன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சில ஸ்போர்ட்ஸ் கார்களில் ஊசிவெடிச் சரம் கொளுத்தியது போல ‘படபட’வென்று வருமே, அது வேறு சமாசாரம். சாதாரணமாகக் காலை எடுத்தால் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும், மைலேஜுக்கு நல்லது. ஸ்போர்ட் மோடிலோ வேண்டுமென்றே கொஞ்சம் பெட்ரோலை விட்டு, தாமதமாகப் பற்றவைக்கிறார்கள். ஜாகுவார் எஃப்-டைப் இதற்குப் பேர்போனது. பந்தயத்தில் இதற்கு ஒரு நியாயம் உண்டு: ராலி கார்களின் ‘ஆன்டி-லேக்’ அமைப்பு, கால் எடுத்த நேரத்திலும் டர்போ சுழல்வதற்காக எக்ஸாஸ்டுக்குள்ளேயே எரியவிடுகிறது. ரோட்டுக் காரில் அது சுத்தமான நாடகம். பிடிக்காதா என்றால் பிடிக்கும்; கைதட்டவும் செய்வேன். ஆனால் மனசு ‘பொட்’டின் பக்கம்தான். படபட நமக்காகப் போடும் சத்தம். ‘பொட்’ வேலை செய்யும்போது தானாக வரும் சத்தம்.

(இதைப் பார்த்து, ஓடும் பைக்கின் சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி ‘டமார்’ விடும் தம்பிகளுக்கு: உள்ளே சேர்ந்த பெட்ரோல் வெடித்து முதலில் சாவது உங்கள் சைலன்ஸரும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும்தான். அப்புறம் தெருவில் இருக்கும் குழந்தைகளின் தூக்கம்.)

ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கும் புகைத்துகள் வடிகட்டி வந்த பிறகு இந்தச் சத்தங்கள் அடங்கத் தொடங்கிவிட்டன. ஒலி அளவு விதிகளும் இறுகுகின்றன. பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்களில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. ஆனால் 2023இல் வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5 என்-ஐப் பாருங்கள்! இல்லாத எட்டு கியரை மென்பொருளிலேயே உருவாக்கி, ஒவ்வொரு ‘மாற்றத்துக்கும்’ மோட்டாரை ஒரு கணம் தயங்கவைத்து, ஸ்பீக்கர் வழியாக வெடிச்சத்தமும் கொடுக்கிறார்கள். பொய்தான். இருந்தாலும் மெனக்கெட்டுச் சொன்ன பொய். எனக்குக் கோபமே வரவில்லை.

இந்த ஆர்எஸ் 245 இப்போது பழைய கார் சந்தையில் எப்போதாவதுதான் தலைகாட்டுகிறது. கண்ணில் பட்டால் ஒரு ரவுண்டு கேளுங்கள். லீவரை ‘எஸ்’ஸில் போட்டு, நாலு கண்ணாடியையும் இறக்கிவிடுங்கள், ஏனென்றால் கேபினுக்குள் கேட்கும் உறுமலில் ஒரு பங்கு செயற்கை. காலியான ரோடாகப் பார்த்து, இரண்டாவதில் ஐயாயிரத்துக்கு மேல் போனதும் பேடிலைச் சுண்டுங்கள். பாட்டை மட்டும் முன்னாடியே அணைத்துவிடுங்கள், புண்ணியமாப் போகும்!