டோரா கேக்கும் போளியும்

டோரேமானுக்குப் பிடித்த பலகாரம் எது என்று உங்கள் வீட்டு வாண்டைக் கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ‘டோரா கேக்’ என்று சொல்லும். உள்ளே என்ன இருக்கும் என்று கேளுங்கள். ‘சாக்லேட்’ என்று பதில் வரலாம். இங்கே பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் அப்படித்தான்.

ஜப்பானில் அதன் பெயர் டோராயாகி. ஊத்தப்பம் போல் தடித்த இரண்டு சின்ன வட்டங்கள். நடுவே, அசுகி என்கிற சிவப்புப் பயறை வேகவைத்து, சர்க்கரை சேர்த்து மசித்த பூரணம். அசுகி நம் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் பங்காளி. ஆக, டோராயாகி நம்ம போளிக்கும் சுகியனுக்கும் தூரத்துச் சொந்தம். ஆர்.கே.பேட்டை மாதிரி, தமிழில் போளி என்றும் தெலுங்கில் பொப்பட்லு என்றும் கேட்கக்கூடிய எல்லைப்புற ஊர்ப் பிள்ளைக்கு இதைவிடச் சுலபமாக ஜப்பானை அறிமுகப்படுத்த முடியாது. ஆனால் ‘கேக்’ என்று பேர் வைத்ததில் பயறு காணாமல் போய்விட்டது.

அமெரிக்காக்காரர்கள் இதில் நமக்கு அண்ணன். போக்கிமானின் ஆரம்பகால ஆங்கில டப்பிங்கில் ஒனிகிரி என்ற சோற்று உருண்டையை ‘ஜெல்லி டோனட்’ ஆக்கிவிட்டார்கள். திரையில் வெள்ளைச் சோறும் கறுப்புக் கடற்பாசியும் பளிச்சென்று தெரிகின்றன. வாய் மட்டும் டோனட் என்கிறது!

சரி, டப்பிங்கை விடுங்கள். அசலாவது உண்மை பேசுகிறதா? பாதிதான். அனிமேயில் எல்லாச் சோறும் முத்து மாதிரி பளபளக்கும். ஆவி அளவெடுத்தாற்போல் மேலே போகும். சாப்பிட்டவுடன் கண்ணில் நட்சத்திரம். விலையை யாரும் கேட்பதில்லை. பாத்திரம் தேய்ப்பவர்களைப் பெரும்பாலும் காட்டுவதில்லை.

நிஜ ஜப்பானில் 55,000க்கு மேல் கன்வீனியன்ஸ் கடைகள். அவசரத்துக்கு அங்கே பிளாஸ்டிக் சுற்றிய ஒனிகிரியை வாங்கி, நின்றபடி விழுங்குகிறவர்கள் அநேகம். மிசோவுக்கு வேண்டிய சோயாவே பெரும்பாலும் இறக்குமதி. 2025-ல் 5 கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டி, முந்தைய வருடத்தைப் போல் இரு மடங்கானது. அரசாங்கம் கையிருப்பு அரிசியைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. அந்தக் கவலை எந்தப் பளபளப்பிலும் தெரியாது.

விதிவிலக்கு, இசாவோ தகாஹாடாவின் ‘மின்மினிகளின் கல்லறை’ (1988). உலகப் போர்க்காலக் கோபே நகரம், பசித்த அண்ணன் தங்கை, ஒரு தகர டப்பா மிட்டாய். சாப்பாடு இல்லாததைக் காட்டி, சாப்பாடு என்றால் என்னவென்று சொன்ன படம். மனசு திடமாக இருக்கும்போது பாருங்கள்.

இத்தனை சொன்னாலும், அனிமேயின் அந்தப் பளபளப்புப் பொய்யை நான் மன்னிக்கத் தயார். காரணம், அது விருந்தை மட்டும் அலங்கரிக்கவில்லை. மியாசாகியின் ‘போன்யோ’வில் (2008) வருவது என்ன? வெந்நீர் ஊற்றி மூடிவைத்த நூடுல்ஸ், பாதி முட்டை, இரண்டு துண்டு இறைச்சி. அதைத் திறக்கும்போது அந்தக் குழந்தைகளுக்கு வரும் சந்தோஷம் நமக்கும் வருகிறது. தினப்படிச் சோற்றுக்கு அவர்கள் செய்கிற மரியாதை அது.

நம்ம சினிமாவில் களியும் கூழும் எப்போது வரும்? வீட்டில் வறுமை என்று சொல்வதற்கு. இல்லாவிட்டால் கிராமம் என்று சொல்வதற்கு. ருசிக்காக வருவது அபூர்வம். ‘காக்கா முட்டை’ (2015) அபூர்வங்களில் ஒன்று. விளம்பரத்தில் இழுபடும் பீட்சாவுக்கு ஏங்கிய பையன்கள், கடைசியில் ஆயா சுட்ட தோசையே மேல் என்று கண்டுபிடிக்கிறார்கள். மணிகண்டன் அதைப் பிரசங்கமாகச் செய்யவில்லை என்பது விசேஷம்.

விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே டி.வி. பார்த்து வளரும் பிள்ளைக்கு, ஜப்பான்காரன் சோற்று உருண்டை அமிர்தமாகத் தெரிகிறது. தட்டில் இருக்கும் கேழ்வரகுக் களி ‘உவ்வே’ ஆகிவிடுகிறது. பிள்ளையின் நாக்கில் கோளாறு இல்லை. களியை யாரும் அதற்கு அவ்வளவு அழகாக வரைந்து காட்டவில்லை, அவ்வளவுதான்.

யாராவது வரைகிறவரை ஒரு தற்காலிக ஏற்பாடு: டோரா கேக் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், குற்றமில்லை. கூடவே ஒரு போளியைப் பிட்டு, உள்ளே இருப்பதைக் காட்டி, டோரேமான் சாப்பிடுவது ஏறக்குறைய இதைத்தான் என்று சொல்லிப் பாருங்கள்.