சேலம் சமவெளியின் எழுத்துப் பரம்பரைகள்

ஃபேர்லேண்ட்ஸில் மாதந்தோறும் கூடும் நம் மன்றத்தாருக்கு, யார் யாரிடம் பாடம் கேட்டார்கள் என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்வரிசையில் அமரும் பெரியவர்களில் பலர் அந்தப் பரம்பரைகளில் வந்தவர்களே. மலர்க்குழு இதை எழுதுபவனிடம் கேட்டது வேறு. சேலம், நாமக்கல் மண்ணில் எழுதிப் பிழைத்தவர்களும் எழுதிச் சிறை சென்றவர்களும் எதைத் தரம் என்று கொண்டார்கள்? அந்தத் தரம் இன்று எந்த நிலையில் இருக்கிறது? தலைவரின் சொல்லைத் தட்ட முடியாமல் ஏற்ற பொறுப்பு இது. எழுத எழுத மனம் ஒரே இடத்தில் போய் நின்றுவிட்டது. பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

பத்திரிகைக்காரர்களை முதலில் வைப்பதே முறை. சே.ப. நரசிம்மலு நாயுடு 1881-இல் ‘கோயம்புத்தூர் கலாநிதி’யை நடத்தத் தொடங்கியது கோவையில்தான். ஆனாலும் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘சே’ சேலத்தைக் குறிப்பது என்பதை நம்மவர்களே மறந்துவிடுகிறார்கள். ராசிபுரத்தில் 1887-இல் பிறந்த டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடுவை மறக்க முடியாது. 1918-இல் மதுரையில் பேசிய பேச்சுக்காக அவர் மேல் அரசு வழக்குப் போட்டபோது, அவருக்காக வாதாடியவர் சேலத்து வக்கீல் ராஜாஜி. சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளைப் பந்தி பிரித்து உட்கார வைத்த கொடுமையை நாடறியச் செய்ததில் நாயுடுவின் ‘தமிழ்நாடு’ இதழுக்குப் பெரும் பங்குண்டு. 1932-இல் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளேட்டைத் தொடங்கியவரும் அவரே. பிற்காலத்தில் ‘தினமணி’யை நடத்திய டி.எஸ். சொக்கலிங்கம் ‘தமிழ்நாடு’ அலுவலகத்தில் இருந்தவர். காலையில் படிப்பவனுக்கு மாலையில் கோபம் வர வேண்டும். இந்தப் பரம்பரையின் அளவுகோல் அதுதான்.

ஆசிரமப் பரம்பரை வேறு வகை. அதன் விதை ஆசிரமத்துக்கும் முந்தியது. 1916-இல் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை அமைத்தார்கள். ரசாயனத்தையும் பௌதிகத்தையும் தமிழில் சொல்ல முடியுமா என்று கேட்டவர்களுக்கு, சொற்களை உண்டாக்கிக் காட்டுவதே அதன் வேலை. அடுத்த ஆண்டே ராஜாஜி சேலம் நகரசபைத் தலைவரானார். 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் எழுந்தது. திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் பழகிய கல்கி அங்கே வந்து சேர்ந்தார். 1929-இல் மதுவிலக்குக்காகவே பிறந்த ‘விமோசனம்’ வந்தது பத்து இதழ்கள்தான். 1930-இல் ராஜாஜி உப்பெடுக்க வேதாரண்யம் புறப்பட்டுச் சிறைப்பட்டார், இதழும் நின்றது. ஆனால் கள்ளுக்கடையில் கூலியைத் தொலைப்பவனின் மனைவிக்கு வாசித்துக் காட்டினால் புரிய வேண்டும் என்ற எண்ணத்தில் எழுதிய அந்த நடை நிற்கவில்லை. விகடனிலும் பிறகு தம் பெயர் கொண்ட இதழிலும் கல்கி எழுதிய எளிய தமிழுக்குப் பயிற்சிக்களம் புதுப்பாளையத்துப் புழுதிதான் என்பது இதை எழுதுபவனின் உறுதியான கருத்து. 1937 அக்டோபர் 1 அன்று மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. ஒரு சிற்றிதழின் கனவு எட்டே ஆண்டுகளில் சட்டமானதை வேறு எந்த மாவட்டத்தில் பார்க்க முடியும்?

இதே காலத்தில் பஞ்சாபிலும் இப்படியொரு முயற்சி நடந்தது. அமெரிக்காவில் பொறியியல் படித்துத் திரும்பிய குருபக்ஷ் சிங் 1933-இல் ‘ப்ரீத் லடி’ என்ற பஞ்சாபி மாத இதழைத் தொடங்கினார். பிறகு லாகூருக்கும் அமிர்தசரசுக்கும் நடுவில் ப்ரீத் நகர் என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் சேர்ந்து வாழும் ஊரையே அமைத்தார். பிரிவினை அந்த ஊரைக் கலைத்தது. 1984-இல் இதழாசிரியராக இருந்த அவர் பேரன் சுமீத் சிங்கைத் தீவிரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். அப்போதும் அந்தக் குடும்பம் இதழை நிறுத்தவில்லை. எழுத்துக்கு அங்கே கொடுத்த விலை அது. இதைப் பின்னால் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது ஸ்டூடியோப் பரம்பரை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. கலைஞரின் ‘மந்திரி குமாரி’ 1950-இல் அங்கேதான் உருவானது. பாவேந்தரின் ‘எதிர்பாராத முத்தம்’ அதே ஆண்டு ‘பொன்முடி’ என்று படமானது. மருதகாசியும் கா.மு. ஷெரீப்பும் ‘மாயாவதி’க்காக ஒன்றாக அமர்ந்து பாட்டெழுதினார்கள். நிறுவனம் நடத்திய ‘சண்டமாருத’த்தில் கண்ணதாசன் வேலை பார்த்தார். நேரம் தவறாமையில் சுந்தரம் முதலாளி எவ்வளவு கண்டிப்பு என்று கேட்டறியாத சேலத்துக்காரர் இல்லை. எழுதிய வசனம் நடிகரின் வாயில் நின்று பார்த்தால்தான் தெரியும். மூச்சு முட்டினால் அந்த வாக்கியம் தோற்றது. இந்த அளவுகோலுக்கு இலக்கணப் புத்தகம் இல்லை, காதுதான் இலக்கணம். இதைப் பற்றி விரிவாக எழுத மன்றத்திலேயே தகுந்தவர்கள் இருப்பதால் இங்கு இவ்வளவு போதும்.

இதை எழுதுபவன் சேர்ந்தது நாமக்கல் பரம்பரை. மோகனூரில் 1888-இல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை முதலில் ஓவியர், பிறகுதான் கவிஞர். அது சிறிய செய்தியல்ல. கோடு சற்றே கோணினால் முகம் மாறிவிடும் என்று அறிந்த கை, பாட்டிலும் ஒரு சீரைக் கோண விடாது. 1930-இல் வேதாரண்யத்துக்கு நடந்தவர்களின் வழிநடைப் பாட்டு அவருடையது. 1932-இல் சிறை. 1949-இல் சென்னை மாகாணத்தின் முதல் அரசவைக் கவிஞர். அவருடைய ‘மலைக்கள்ளன்’ 1954-இல் படமாகி, குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படமானது. 1971-இல் பத்மபூஷண் பெற்றார். அடுத்த ஆண்டு மறைந்தார். யாப்பு வழுவாமலே எளிமையாக இருக்கலாம் என்று காட்டியதுதான் அவர் விட்டுச் சென்ற தரம். எளிமை என்றால் யாப்பைக் கைவிடுவது என்று இன்று சிலர் பொருள் கொள்கிறார்கள். அவர்கள் கவிஞரின் ‘என் கதை’யை ஒருமுறை படித்தால் நல்லது.

கவிஞரை நேரில் கண்டு, அவர் வழியில் வெண்பா கற்பித்தவர் நம் ஐயா. பெயர் சொல்ல வேண்டியதில்லை. மன்றத்தில் ஐயா என்றால் அவர் ஒருவர்தான். பள்ளித் தமிழாசிரியராக ஓய்வு பெற்று ஃபேர்லேண்ட்ஸில் குடியேறிய பிறகு, ஞாயிறுதோறும் காலை 7 மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் பாடம் நடக்கும். எழுதிக் கொண்டுபோன தாளை அவர் உடனே கையில் வாங்கமாட்டார். முதலில் எழுதியவனே வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தளை தட்டும் இடத்தில் விரல் முட்டியால் பெஞ்சில் ஒரு தட்டு. அவ்வளவுதான். காய்க்குப் பின் நிரை வந்ததா, மாவுக்குப் பின் நேர் வந்ததா என்று எழுதியவனே கண்டுபிடிக்க வேண்டும்.

ஒருமுறை இதை எழுதுபவன் ஒரு திருமண வாழ்த்து வெண்பாவை ‘வாழ்க’ என்று முடித்து எடுத்துப் போனான். மூன்று அடிகளுக்கும் தட்டு விழவில்லை. கடைசிச் சொல்லில் விழுந்தது. “கண்ணு, ஈத்துல தேமா நிக்குது பாரு. காசு வேணும்” என்றார் ஐயா. நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாகத்தான் வெண்பா முடியும். ‘வாழ்க’ நேர்நேர், அதனால் தேமா. ‘வாழ்த்து’ என்றால் குற்றியலுகரம் வந்து காசு வாய்பாட்டில் அமையும். ஆனால் சொல்லை மாற்றினால் வாக்கியம் மாறுகிறது, வாக்கியம் மாறினால் எதுகை போகிறது. சரியாக அமைய மூன்று ஞாயிறு பிடித்தது. அதற்குள் அந்தத் திருமணமே முடிந்துவிட்டது. “கல்யாணம் அவங்களுக்கு, வெண்பா நமக்கு” என்று ஐயா சொன்னதை அன்று உடனிருந்த மூவர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஐயா சிவப்பு மையைத் தொட்டதில்லை. பென்சிலில்தான் குறிப்பார். பென்சில் குறிப்பைப் பார்த்து எழுதியவனே மையால் திருத்த வேண்டும், அப்போதுதான் கையில் பதியும் என்பார். அந்நாளில் அச்சுக்கூடங்களிலும் இந்த ஒழுக்கம் இருந்தது. எழுத்துகளைத் தலைகீழாக வைத்துக் கோத்த கம்பாசிட்டர்கள், கையெழுத்துப் பிரதியில் ‘கருப்பு’ என்றிருந்தால் ‘வல்லின றகரம் போடட்டுங்களா?’ என்று ஆள் அனுப்பிக் கேட்பார்கள். மெய்ப்பு மூன்று முறை வரும். ஒருவர் வாசிக்க, ஒருவர் பார்ப்பார்.

இந்நாளைய உரைநடைக்காரர்களில் பெருமாள்முருகனைச் சொல்லாமல் இந்த வட்டாரத்தின் கணக்கு முடியாது. ‘மாதொருபாகன்’ எழுப்பிய பிரச்சினையில் மன்றத்துக்குள் இரு கருத்துகள் இருந்தன. அதை மீண்டும் கிளற இந்த மலர் இடமல்ல. உயர்நீதிமன்றம் 2016-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் 2000-இல் அவர் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியைப் பற்றி இரு கருத்துக்கு இடமில்லை. காட்டிலும் மேட்டிலும் புழங்கும் சொல்லைக் காது கொடுத்துக் கேட்டு, எழுத்துப் பிசகாமல் பதித்த வேலை அது. அந்தப் பொறுமை நாமக்கல் பரம்பரையின் பொறுமைதான்.

இனிச் சொல்ல வருவது யாரையும் மனத்தில் வைத்தல்ல. நன்றாக எழுதும் இளைஞர்கள் இன்றும் உண்டு. மன்றத்திலேயே சிலர் இருக்கிறார்கள். பொதுவாக நிலைமை அப்படியில்லை. கவியரங்க மேடையில் ஏறுகிறவர் கைப்பேசியைப் பார்த்துப் படிக்கிறார். தம் கவிதையைத் தாமே முதன்முறை படிப்பதுபோல் தடுக்குகிறார். இறங்கும்போது ஒரு பட்டமும் சால்வையும் கிடைக்கின்றன. இதை எழுதுபவன் பார்த்த ஒரு மலரின் அட்டையிலேயே ‘பொன்விழா சிறப்பு மலர்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. ‘பொன்விழாச் சிறப்பு மலர்’ என்று ஒரு ச் போட ஐம்பது ஆண்டுகள் போதவில்லை. உள்ளே ‘வாழ்த்து செய்தி’. அதற்குள்ளே ‘தமிழ் தொண்டு’. கேட்டால், பொருள் புரிகிறதல்லவா என்கிறார்கள். வேலை கொடுத்தவனும் வேலைக் கொடுத்தவனும் ஒருவனா? ஒருவன் பிழைப்புக்கு வழி செய்தான். மற்றவன் ஆயுதத்தைக் கையில் தந்தான். இடையில் நிற்பது ஒரே ஒரு க்.

பஞ்சாபில் ஒரு பத்திரிகைக்காகக் குண்டடி பட்டுச் செத்திருக்கிறார்கள். நம்மிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. ஒரு மெய்யெழுத்தைத்தான் கேட்கிறது தமிழ். எத்தனையோ படையெடுப்புகளையும் ஆட்சி மாற்றங்களையும் தாண்டி வந்த மொழி, இந்த இருபது ஆண்டுகளில் கைப்பேசித் திரையில் நலிந்துபோனது என்று சொன்னால் மிகை என்பார்கள். இதை எழுதுபவனுக்கு அது மிகையாகத் தோன்றவில்லை. காரணம் இருக்கிறது.

ஐயா மறைந்த அன்று காலை தெருமுனையில் ஓர் அமைப்பு பதாகை கட்டியிருந்தது. அன்போடுதான் கட்டினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐயாவின் படத்துக்கு மேலே ‘கண்ணிர் அஞ்சலி’ என்றிருந்தது. வாழ்நாள் முழுதும் பிள்ளைகளின் குறிலையும் நெடிலையும் திருத்திய மனிதரின் தலைமாட்டில் ஒரு பிழை. வந்தவர்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் வீட்டுக்குள் போனார்கள். பந்தல் போட வந்தவரிடம் ஏணியை வாங்கி, பக்கத்துக் கடையில் கறுப்பு மார்க்கர் வாங்கி, இதை எழுதுபவன் ஏறினான். ‘ணி’யின் தலையில் ஒரு சுழி போட்டால் ‘ணீ’. ஃப்ளெக்ஸில் மை வழுக்கியது. இரண்டாம் முறை அழுத்திப் போட்டபோது நின்றது. இறங்கி வந்தபோது ஐயாவின் மூத்த மாணவர் ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த மலரின் மெய்ப்பைக் கணினி பார்த்ததோடு விடாமல், இருவர் உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர் பார்க்க வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்வதற்காகவே இவ்வளவும். ஐயாவின் பிள்ளைகள் திண்ணையை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஞாயிறு காலை 7 மணிக்குக் கதவு திறந்திருக்கும். பெஞ்சும் அதே பெஞ்சுதான். பென்சிலை வருகிறவர்கள் கொண்டுவர வேண்டும்.