தட்டுகிற வால்வு நல்ல வால்வு

பழைய அம்பாசிடர் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பானெட்டைத் திறந்தால் பழகாத காதுக்கு ஒரே இரைச்சல். பழகிய காதில் குரல்கள் தனித்தனியாக விழும். ஃபேன் காற்றை வெட்டுவது ஒன்று, கார்புரேட்டர் மூச்சை இழுப்பது ஒன்று, டைமிங் செயின் உரசுவது ஒன்று. இவற்றுக்கு மேலே, ராக்கர் கவருக்குள்ளிருந்து வரும் 'டிக் டிக்'. அது எங்கே பிறக்கிறது, ஏன் பிறக்கிறது, விட்டுவைக்கலாமா என்று காதை வைத்தே சொல்லிவிடும் மெக்கானிக்குகள் நம் ஊர்ப் பட்டறைகளில் இருக்கிறார்கள். நான் பெரிதும் மதிக்கும் கலை அது. அதற்கு வேண்டிய கருவி ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவர். முனையை என்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதோர எலும்பில் அழுத்தினால் இரும்புக்குள் நடப்பது நேராக மண்டைக்குள் கேட்கும்.

'மேல தட்டுதா, கீழ தட்டுதா?' என்பதுதான் முதல் கேள்வி. விடை தாளத்தில் இருக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். ஐடிலில் கிராங்க் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், ஒரு வால்வு 400 முறைதான் தட்டும். ஒரே பாட்டை ஒருவர் முதல் காலத்திலும் இன்னொருவர் இரண்டாம் காலத்திலும் பாடுவதைப் போல, மேலும் கீழும் ஒரே என்ஜினில் இரு வேகங்களில் நடக்கின்றன. நிதானமான, மெல்லிய, உலோகத்தனமான 'டிக்' டாப்பெட்டைக் காட்டும். கனத்த 'டக் டக்', அதுவும் ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போது எழுந்தால், கனெக்டிங் ராடின் பிக்எண்ட் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

காது சொன்னதைக் கை சோதிக்கும். பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். ஒரு சிலிண்டரில் நெருப்பு நின்றதும் சத்தம் குறைந்தால், சுமை தாங்கும் கீழ்ப் பாகத்தில் கோளாறு. மாறாமல் தட்டினால் அது மேலே இருக்கிறது. காலையில் தட்டி, சூடேறியதும் அடங்கினால் இரண்டு சந்தேகங்கள் எழும். பிஸ்டன் தளர்ந்திருக்கலாம், சூட்டில் அது விரிந்து சிலிண்டரோடு பொருந்திக்கொள்கிறது. அல்லது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவு இருக்கலாம். அதற்குக் கேஸ்கெட் ஓரத்துக் கரித்தடம் சாட்சி சொல்லும்.

அம்பாசிடரின் 1489 சி.சி. என்ஜின் பிரிட்டிஷ் பி.எம்.சி.யின் பி-சீரிஸ் குடும்பம். எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே கொள்ளளவு என்ஜின் ஓடியது. அதில் எட்டு வால்வுகள். ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே 0.015 அங்குல இடைவெளி வேண்டும். அதை வைக்கும் முறையில் ஓர் அழகான கணக்கு உண்டு. எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும்; ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். லாக் நட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்பி, ஃபீலர் கேஜின் தகடு லேசான பிடிப்போடு நழுவும் இடத்தில் நிறுத்தி, நட்டை இறுக்கி, மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போதே அளவு மாறிவிடும் என்பதால் அந்த இரண்டாவது அளவையில்தான் கைத்திறன் தெரியும்.

கேஜ் சரி என்று சொல்லியும் தட்டல் நிற்காத வண்டிகள் உண்டு. ராக்கரின் முனை தேய்ந்து குழி விழுந்திருந்தால், தட்டையான தகடு குழியின் மேல் பாலமாக நிற்கும். உண்மையான இடைவெளி அளந்ததைவிட அதிகம். அங்கே காதுதான் சரி. என்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு இடைவெளியிலும் தகட்டை நுழைத்துப் பார்த்தால், குற்றவாளி வால்வின் குரல் மட்டும் சட்டென்று அடங்கும்.

இந்தக் கலையில் என்னை மிகவும் ஈர்ப்பது, அது அமைதியைக் கண்டு மயங்காமல் இருப்பது. தட்டலைக் கொல்ல இடைவெளியைக் குறைத்துவிட்டால் காதுக்கு இதம், வால்வுக்கு நரகம். எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் முழுதாக அமரும் நேரத்தில்தான் தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்துகிறது. இடைவெளி போனால் அது அமராது. விளிம்பு கருகும், கம்ப்ரெஷன் போகும். சத்தமே இல்லாமல் இத்தனையும் நடந்துவிடும். 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்தபின், பழைய என்ஜின்களுக்கு இந்த ஆபத்து கூடியது. ஈயத்தின் பாதுகாப்பு இல்லாத மென்மையான சீட்டுகளில் வால்வு மெல்ல மெல்ல உள்ளே இறங்கும், இடைவெளி தானே மூடும். நாளாக நாளாக அமைதியாகி வரும் பழைய என்ஜினைப் பார்த்துக் கவலைப்படுகிறவரே தேர்ந்த மெக்கானிக்.

இவ்வளவும் தெரிந்தபின் கடை அலமாரியில் வரிசையாக நிற்கும் ஆயில் அடிட்டிவ் புட்டிகளைப் பார்க்கலாம். திருகு வைத்த டாப்பெட்டின் இடைவெளியை எந்தப் புட்டியும் திருப்பித் தராது. ஹைட்ராலிக் டாப்பெட்டின் கதை வேறு. 1995இல் புனேயில் கட்டத் தொடங்கிய டபிள்யூ-124 பென்ஸ் போன்ற கார்களில் எண்ணெய் அழுத்தமே இடைவெளியை நிரப்புகிறது. அதன் நுண்துளையில் பிசின் படிந்தால் தட்டும். அங்கே அழுக்கைக் கரைக்கும் அடிட்டிவுக்கு நிஜமான வேலை இருக்கிறது. வேளாவேளைக்கு ஆயில் மாற்றுவதற்கும் அதே பலன் உண்டு. கெட்டியான புட்டிகள் எண்ணெயின் தடிப்பைக் கூட்டித் தட்டலை அமுக்கும். பிக்எண்ட் தட்டும் வண்டியில் அதை ஊற்றுவது, நோயை அப்படியே விட்டு அறிகுறியை மறைப்பது.

துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த இசட்.டி.டி.பி. என்ற அடிட்டிவை மட்டும் தனியாகப் பாராட்ட வேண்டும். கேமும் தட்டை டாப்பெட்டும் உரசும் இடத்தில், அழுத்தத்தாலும் சூட்டாலும் அது கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகி உலோகத்தைக் காக்கிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்பதால் புதிய ஆயில் தரங்களில் பாஸ்பரஸுக்கு வரம்பு வைத்தார்கள். அந்த வரம்பு முக்கியமாக மெல்லிய கிரேடுகளுக்குத்தான். ஆகவே அம்பாசிடருக்கு நல்ல 20டபிள்யூ-50 ஆயிலே பெரும்பாலும் போதும். விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டாம்: அமெரிக்காவில் ஸ்லிக் 50 என்ற அடிட்டிவின் மிகையான விளம்பரங்கள் மீது அந்நாட்டு வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 1997இல் அவற்றுக்குக் கட்டுப்பாடு விதித்தது.

ஆயில் பிரஷரைப் பாருங்கள், ஆயிலை மாற்றுங்கள், இடைவெளியை அளந்து வையுங்கள். புட்டியைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு மெல்லிய 'டிக்' மிஞ்சினால் அதைப் போக்க முயல வேண்டாம். வால்வுக்கு இடம் இருக்கிறது என்று அந்த என்ஜின் தரும் உறுதி அது.