ஒரே வட்டில் இரண்டு இயங்குதளம்: பங்கிட்டதும் சொல்லாமல் விட்டதும்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய இடம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூர். அதே மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கிறது ஆரம்பாக்கம். பழவேற்காடு ஏரியை நம்பிப் பிழைக்கும் மீனவர் குடியிருப்புகள் அதைச் சுற்றி உள்ளன. இப்படிப்பட்ட ஊர்களில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அந்த மடிக்கணினிதான். அதன் விலை, தரம், அரசியல் பற்றியெல்லாம் நிறையப் பேசியாயிற்று. அதன் வட்டில் ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் பாஸ் லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்கள் குடியேற்றப்பட்டதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

அந்த முடிவுக்கு நியாயம் இருந்தது. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கிலேயே லினக்ஸ் பக்கம் திரும்பியிருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும். பென்டிரைவில் ஊர் சுற்றும் விண்டோஸ் வைரஸ்களும் அதை அண்டாது. வேலைச் சந்தை கேட்கும் விண்டோஸையும் கொடுத்து, திறந்த மூல மென்பொருளையும் பழக்கிவிடலாம் என்ற எண்ணத்தில் தவறு காண முடியாது.

வட்டைப் பங்கிடும் முறையிலும் அடிப்படை சரிதான். கணினியைத் தட்டி எழுப்பும் பயாஸுக்கு அறிவு மிகக் குறைவு. பழைய எம்பிஆர் முறையில் வட்டின் முதல் 512 பைட்டைத்தான் அது படிக்கும். அதில் 446 பைட் தொடக்க நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு. இவ்வளவு சிறிய நிரலால் பல வட்டுகளில் சிதறிக் கிடக்கும் ஒரு வால்யூமைக் கோத்துப் படிக்க முடியாது. அதனால்தான் விண்டோஸ் தன் பூட் பகுதியைச் சாதாரண வால்யூமிலோ, கண்ணாடிப் பிரதியான மிரர் வால்யூமிலோ மட்டும் வைக்க அனுமதிக்கிறது. பல வட்டுகளில் பரவும் ஸ்ட்ரைப், ஸ்பான், ரெய்டு-5 வகைகளுக்கு அங்கே இடமில்லை. ஒற்றை வட்டுள்ள மாணவர் கணினிக்கு எளிய பேசிக் பார்ட்டிஷனே ஏற்றது.

கோப்பு முறைமைத் தேர்வும் அப்படியே. விண்டோஸுக்கு என்டிஎஃப்எஸ், லினக்ஸுக்கு எக்ஸ்ட்4. இரண்டும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் ஜர்னல் வசதி கொண்டவை. மூன்று நான்கு ஆண்டில் பேட்டரி செத்த பிறகு மடிக்கணினி சுவர் பிளக்கை நம்பித்தான் ஓடும். புயலும் மின்வெட்டும் பழகிப்போன பழவேற்காட்டுக் கரையில், மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் கோப்பு முறைமைக்குச் சோதனை. ஜர்னல் இல்லாத எஃப்ஏடி32 இதில் எளிதில் குலையும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பையும் அது ஏற்காது.

குறை தொடங்குவது, இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும் இடத்தில். லினக்ஸ் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதவும் செய்யும். விண்டோஸுக்கோ எக்ஸ்ட்4 இயல்பாகத் தெரியாது. வட்டு மேலாண்மைத் திரையில் அது பெயரில்லாத பகுதியாகக் கிடக்கும். "சும்மா கிடக்கும் இடம்தானே" என்று மாணவர் அதை அழித்தால், மறுமுறை கணினி கறுப்புத் திரையில் "கிரப் ரெஸ்கியூ" என்று நின்றுவிடும். லினக்ஸோடு வந்த கிரப் என்ற தொடக்க நிரலின் முதல் துண்டு வட்டின் தொடக்கத்திலும் மீதி அழிந்த லினக்ஸ் பகுதியிலும் இருந்ததே காரணம். விண்டோஸுக்கு ஒரு கீறலும் இல்லை, ஆனால் திறக்காது. விவரம் தெரியாதவர் கும்மிடிப்பூண்டியிலோ சூலூர்பேட்டையிலோ சர்வீஸ் கடை தேடுவார். முழு வட்டையும் ஃபார்மேட் செய்துவிட்டால் லினக்ஸோடு படிப்புக் கோப்புகளும் போகும்.

இன்னொரு பொறி எண்ணிக்கையில் இருக்கிறது. எம்பிஆர் அட்டவணையில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷனுக்குத்தான் இடம். நான்கும் நிரம்பிய வட்டில் புதிதாக ஒரு டிரைவ் கேட்டால், வட்டையே டைனமிக் டிஸ்க் (பல வட்டுகளில் வால்யூமைப் பரப்பவும் இடம் தரும் விண்டோஸின் தனி முறை) ஆக்கட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். பிற இயங்குதளங்கள் இனித் தொடங்காது என்ற எச்சரிக்கையும் ஆங்கிலத்தில் வரும். "யெஸ்" அழுத்திவிட்டால் திரும்பி வருவது கடினம். விண்டோஸ் 2000-இல் வந்த இந்த டைனமிக் முறையை, பூட் மிரர் தவிர மற்றவற்றுக்கு மைக்ரோசாஃப்டே பின்னாளில் கைவிட்டது.

பழவேற்காட்டு மீனவர் சிலரிடம் பாடு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பிரிப்பார்கள். தண்ணீரில் வேலி கிடையாது. முறை எல்லாருக்கும் தெரியும் என்பதே வேலி. மடிக்கணினியில் வேலி போட்டார்கள், முறையைச் சொல்லவில்லை. கேரளத்தின் ஐடி@ஸ்கூல் திட்டம் பள்ளிகளில் லினக்ஸ் ஒன்றையே முதன்மையாக்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தது. தெரிவு குறுகியதுதான், ஆனால் வந்ததைப் பயன்படுத்தத் தெரிந்தது. நம்முடையது தெரிவை விரித்தது. பயன்பாடு அதோடு விரியவில்லை.

பயாஸுக்கும் எம்பிஆருக்கும் மாற்றாக வந்த இன்றைய யுஇஎஃப்ஐ, ஜிபிடி முறைகள் பாதிச் சிக்கலைத் தீர்த்திருக்கின்றன. விண்டோஸில் 128 பார்ட்டிஷன் வரை இடம் உண்டு, அட்டவணையின் நகல் வட்டின் கடைசியிலும் இருக்கும். இரண்டு இயங்குதளங்களின் தொடக்க நிரல்களும் ஒரு சிறிய எஃப்ஏடி32 பகுதியில் தனித்தனிக் கோப்புறைகளில் வாழும். எஃப்ஏடி32-க்கு இன்றும் பொருத்தமான வேலை இதுதான். புதிய சிக்கல்களும் வந்துள்ளன. விண்டோஸ் 8 முதல் உள்ள "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" கணினியை முழுதாக அணைப்பதில்லை. அந்த நிலையில் லினக்ஸ் என்டிஎஃப்எஸ் பகுதியில் எழுதினால் தரவு குலையலாம். விண்டோஸ் 11-இல் தானே இயங்கும் வட்டுக் குறியாக்கம், பூட் முறையில் கைவைத்தால் மீட்புச் சாவி கேட்டு நிற்கும்.

தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கை இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி அறிவித்தது. வட்டு 256 ஜிபிதான் என்றால், அதை இரண்டாகப் பிளந்தால் இரண்டு பக்கமும் நெருக்கடிதான். அதனால் இரட்டைப் பூட் தேவையா என்பதையே முதலில் கேட்க வேண்டும். லினக்ஸ் பழக மட்டும் என்றால் பென்டிரைவிலிருந்து தொடங்கும் பதிப்பே போதும். நிரந்தரமாக வேண்டுமென்றால் ஜிபிடி பேசிக் வட்டு, பாடக் கோப்புகளுக்குத் தனி என்டிஎஃப்எஸ் பகுதி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் நிறுத்தம் ஆகிய மூன்றும் கட்டாயம். தனிப் பகுதி இருந்தால் எந்த இயங்குதளத்தை அழித்தாலும் கோப்பு பிழைக்கும். இதோடு கல்லூரிக்கு ஒரு மீட்புப் பென்டிரைவும், அதை இயக்கத் தெரிந்த ஓர் ஆசிரியரும் வேண்டும். கொள்முதல் ஆணையில் ராம், திரை அளவுகளை எழுதும் அதே கவனத்தோடு இந்தப் பார்ட்டிஷன் வரைபடத்தையும் தமிழில் ஒரு பக்கமாக எழுதிச் சேர்த்தால், அரசுக்குச் செலவு அநேகமாக ஒன்றுமில்லை.